அச்சமும் நிலைக்களனும்: ஆறு தமிழர் புகலிட வழக்கு பற்றிய வரலாற்று ஆய்வு

1. முன்னுரை

தன்னை ஆளும் அரசினால் இன்னலுற்ற ஒருவன் பிறிதோர் அரசின் வாயிலை அடைந்து புகல் வேண்டுவது தொன்றுதொட்டு வரும் நிகழ்ச்சியாகும். அவ்வேண்டுகோளை ஏற்றலும் மறுத்தலும் அரசனின் அருளைப் பொறுத்தவையாகவே நெடுங்காலம் இருந்தன. மறுத்த ஆணை முறையானதுதானா என்று அந்நாட்டின் நீதிமன்றமே எடுத்து ஆராய்வது இருபதாம் நூற்றாண்டில் வளர்ச்சி பெற்ற புதுநெறி. இந்நெறியின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டவல்லது, இலங்கைத் தமிழர் அறுவர் 1987-ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடத்திய வழக்கு. சட்டத் தொகுதிகள் இதனை வழக்காடியோருள் ஒருவர் பெயரால் வழங்குகின்றன. அவர்கள் பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அல்லர்; புகல் நாடிச் சென்ற எளிய மக்கள். ஆகலின் இக்கட்டுரையில் 'அறுவர் வழக்கு' என்றே அது குறிக்கப்பெறும்.

சட்ட அறிஞர் பலரும் ஆராய்ந்துள்ள இவ்வழக்கைத் தமிழாய்வாளர் நோக்குதற்குக் காரணம் உண்டு. வழக்கின் உயிர்நிலையாக நின்றது ஒரு சொற்றொடரின் பொருள். 'தக்க நிலைக்களனுடைய அச்சம்' என்று தமிழிற் கூறத்தக்க அத்தொடரில், அச்சத்தை அளப்பதா, நிலைக்களனை அளப்பதா என்னும் வினாவின்மீது மூன்று நீதிமன்றங்கள் கருத்துச் செலுத்தின. இவ்வினாவிற்குக் கிடைத்த விடையை மட்டும் நோக்குவோர் வழக்கின் ஒரு பாதியையே காண்பர். அறுவரின் அச்சம் உண்மையில் நிலைக்களனுடையதா என்பதை, அவர்கள் திருப்பி அனுப்பப்படுவதற்கு முன் எந்த நீதிமன்றமும் தானே ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. நடுவர் ஒருவர் அதனை ஆராய்ந்தபோது ஐவர் ஏற்கெனவே இலங்கைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்பதைக் காட்டிலும், யார் அளப்பது, எப்பொழுது அளப்பது என்பவையே அறுவரின் நிலையை முடிவு செய்தன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

'அகதி' என்பது கதியற்றவர் எனப் பொருள்படும் வடசொல். 'புகல்', 'அடைக்கலம்' என்பன தமிழில் நெடுவழக்குடையவை. முன்னது அடைவோரின் இழப்பைச் சுட்ட, பின்னவை தருவோரின் கடமையைச் சுட்டுகின்றன. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரியிடம் ஒப்படைக்கின்றார். வந்தோரின் துயரத்திற்குச் சான்று யாது என்று மாதரி வினவவில்லை. அடைக்கலம் என்பது அங்கு ஏற்போரின் அறமாக நிற்கின்றது.

இக்காலச் சட்டம் இதனின் வேறுபட்டது. இரண்டாம் உலகப் போரின் விளைவாக இடம்பெயர்ந்த மக்களைக் கருத்திற்கொண்டு, 1951-ஆம் ஆண்டு சூலை 28-ஆம் நாள் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை நிறைவேறியது. அதன் முதல் உறுப்பு, இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சார்தல், அரசியற் கருத்து என்னும் ஐந்தனுள் ஒன்று காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க நிலைக்களனுடைய அச்சத்தால் தம் நாட்டிற்குப் புறத்தே இருந்து, அந்நாட்டின் காப்பைப் பெற இயலாதவரை, அன்றி அவ்வச்சத்தால் அக்காப்பை விரும்பாதவரை, அகதி என வரையறுக்கின்றது. அத்தகையோரை உயிருக்கோ உரிமைக்கோ இடர் விளையும் எல்லைக்குள் திருப்பி அனுப்பலாகாது என்பது அதன் 33-ஆம் உறுப்பு. 1967-ஆம் ஆண்டின் இணைப்பு உடன்படிக்கை, காலம் பற்றியும் இடம் பற்றியும் இருந்த வரம்புகளை நீக்கிற்று. பிரிட்டன் இவ்விரண்டினையும் ஏற்ற நாடு. எனவே அங்கே அடைக்கலம் அருளின்பாற்பட்டதாக மட்டும் இல்லை. வரையறைக்குள் அடங்குவோரைத் திருப்பி அனுப்பாமை அரசு மேற்கொண்ட கடப்பாடாயிற்று. ஆயினும் வரையறைக்குள் அடங்குவோர் யாவர் என்பது ஆராய்ந்து அறியப்பட வேண்டியதாயிற்று. மாதரி வினவாத வினாவை அரசு வினவலாயிற்று.

ஈண்டுத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நினைத்தல் பொருந்தும். எண்வகை மெய்ப்பாட்டினுள் அச்சமும் ஒன்று. ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் நந்நான்கு நிலைக்களன் கூறும் ஆசிரியர், அச்சம் பிறக்கும் இடமாகத் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தமக்குத் தலைமை பூண்ட இறை ஆகிய நான்கையும் வைத்தார். தன்னைக் காக்க வேண்டிய தலைமையே அச்சத்தின் பிறப்பிடமாதல் கூடும் என்பதை அந்நூல் உணர்ந்திருந்தது. அச்சத்தை வெறும் உள்ள நிகழ்ச்சியாக விடாது, புறத்தே உள்ள நிலைக்களனோடு இணைத்தே கூறியதும் கருதத்தக்கது. இலக்கண நூலைச் சட்ட நூலாகக் கொள்ளுதல் ஆய்வு நெறியன்று. எனினும் பின்வரும் வழக்கின் சிக்கலை விளங்கிக்கொள்ள இப்பாகுபாடு துணைபுரியும்.

3. வழக்கின் பின்னணி

இலங்கையில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கியது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் தமிழர்க்கு எதிரான வன்செயல்கள் நிகழ்ந்தன. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் விசாரணையின்றி நெடுநாள் காவலில் வைக்க இடந்தந்தது. 1983 சூலைக்குப் பின் உள்நாட்டுப் போர் மூண்டது. தமிழர் பல நாடுகளுக்கும் பெயர்ந்தனர்.

பிரிட்டன் அவர்கள் வருகையைத் தடுக்க முற்பட்டது. 1985-ஆம் ஆண்டில் இலங்கையர் அனைவரும் முன்னரே நுழைவிசைவு பெற்று வருதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள்மீது அத்தகைய விதி வந்தது அதுவே முதன்முறை. 1987 பிப்ரவரியில் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர் பலர், தம் மேலாடைகளைக் களைந்து ஓடுபாதையருகில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டிலேயே, உரிய ஆவணமற்றோரை ஏற்றிவரும் விமான, கப்பல் நிறுவனங்கள் பயணி ஒருவர்க்கு 1,000 பவுன் செலுத்துமாறு சட்டம் இயற்றப்பட்டது. புகல் வேண்டினோர் சிலர் ஹார்விச் துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட 'ஏர்ல் வில்லியம்' என்னும் கப்பலில் காவலில் வைக்கப்பட்டனர்.

அறுவரும் 1987-இல் பிரிட்டனை அடைந்தவர்கள். அவ்வாண்டு சூலை 29-ஆம் நாள் இந்திய-இலங்கை உடன்பாடு கையெழுத்தாயிற்று. அடுத்த மாதம் உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்டு அவர்கள் வேண்டுகோளை மறுத்தார். இலங்கைப் படையின் நடவடிக்கைகள் தீவிரவாதிகளை நோக்கியவை என்றும், தமிழர்க்கு நேர்ந்த இன்னல் நாட்டில் நிலவிய பொதுக் குழப்பத்தின் விளைவென்றும், தமிழர் என்னும் காரணத்தால் அவர்கள் துன்புறுத்தப்படுவதாகக் கொள்ள இயலாதென்றும் அவர் முடிவு செய்தார்.

இவ்வாணையை எதிர்த்துச் செல்ல அறுவர்க்கு இருந்த வழி யாது? 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, நுழைவிசைவின்றி வந்து அனுமதி மறுக்கப்பட்டோர் முறையீட்டு நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நாட்டை விட்டு நீங்கிய பின்னரே செய்யலாம். நாட்டில் இருந்துகொண்டே நாடத்தக்க வழி, உயர்நீதிமன்றத்தின் நீதிமுறை மறு ஆய்வு ஒன்றே. இவ்விரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடே இவ்வரலாற்றின் அடிப்படையாகும்.

4. மூன்று மன்றங்கள்

உயர்நீதிமன்றம் 1987 செப்டம்பரில் அறுவரின் மனுவைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபர் 12-ஆம் நாள் அத்தீர்ப்பை மாற்றி, அமைச்சரின் ஆணையை நீக்கிற்று. அதன் தலைமை நீதிபதி சர் ஜான் டொனால்ட்சன், அச்சம் என்பது அஞ்சுவோனின் உள்ளத்தில் நிகழ்வது என்பதிலிருந்து தொடங்கினார். ஒருவன் மெய்யாகவே அஞ்சுகின்றான். அவனுடைய சூழலில் இயல்பான துணிவுடைய வேறொருவனும் அஞ்சியிருப்பான். அவ்வாறாயின் அவ்வச்சம் தக்க நிலைக்களனுடையதே என்பது அவர் கருத்து. இதனை விளக்க அவர் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். முகமூடி அணிந்த ஒருவன் வங்கியில் பணம் கொடுப்பவரை நோக்கிக் கைத்துப்பாக்கியை நீட்டுகின்றான். சற்று நேரத்தில் அது விளையாட்டுத் துப்பாக்கி எனத் தெரியவருகின்றது. அதனால் முன்னர்த் தோன்றிய அச்சம் நிலைக்களனற்றது ஆகிவிடாது என்றார். நம் தத்துவ நூல்கள் கூறும் கயிற்றரவு உவமையோடு இது ஒத்தது. இருளில் கயிற்றைப் பாம்பெனக் கண்டவனின் நடுக்கம் பொய்யன்று. அவன் கண்டதற்கேற்ப அது பொருத்தமானதே.

அரசு பிரபுக்கள் அவைக்குச் சென்றது. கீத், பிரிட்ஜ், டெம்பிள்மன், கிரிபித்ஸ், காப் ஆகிய பிரபுக்கள் ஐவரும் 1987 டிசம்பர் 16-ஆம் நாள் ஒருமனதாக அமைச்சரின் ஆணையை நிலைநாட்டினர். ஐக்கிய நாடுகள் அவையின் அகதிகள் ஆணையர் அலுவலகம் அவ்வழக்கில் இடையீடு செய்து, அஞ்சுவோனின் நிலையிலிருந்தே ஆராய்வு தொடங்க வேண்டும் என வாதிட்டது. பிரபுக்கள் அதனை ஏற்கவில்லை. திரும்பிச் சென்றால் ஒருவர்க்கு யாது நேரும் என்பதே வினா; அதனைப் புறச்சான்று கொண்டே முடிவு செய்ய வேண்டும்; புகல் வேண்டுவோர் அறியாத செய்திகளையும் அமைச்சர் கருத்திற்கொள்ளலாம் என்று கீத் பிரபு உரைத்தார். அச்சத்தைத் தணிப்பது மட்டும் உடன்படிக்கையின் குறிக்கோள் அன்று. உண்மையான இடர் உடையோர்க்குக் காப்பளிப்பதே அதன் குறிக்கோள் என்பது காப் பிரபுவின் விளக்கம். கயிற்றைப் பாம்பெனக் கண்டவனிடம் விளக்கை ஏந்திக் காட்டினால் போதும். அவனுக்குப் புகலிடம் தர வேண்டுவதில்லை என்பது இதன் கருத்தாகும்.

சொற்பொருள் நெறியில் நோக்கின் பிரபுக்களின் முடிவு வலிமையுடையதே. நிலைக்களன் என்பது புறத்தே உள்ளது. உள்ளத்தின் நடுக்கம் அதனை ஆக்கிவிடாது. ஆயினும் இம்முடிவு வேறொரு வினாவை எழுப்பிற்று. விளக்கை ஏந்துபவர் யார்? அவர் கண்டது சரியாகவே இருந்தது என்பதை ஆராய்பவர் யார்?

5. மறு ஆய்வின் எல்லை

நீதிமுறை மறு ஆய்வு என்பது மேல்முறையீடு அன்று. மேல்முறையீட்டில் நடுவர் சான்றுகளைத் தாமே எடையிட்டுத் தம் முடிவைக் கூறுவர். மறு ஆய்வில் நீதிபதி, முடிவெடுக்கும் அதிகாரம் அமைச்சருடையது என்பதை ஏற்றுக்கொண்டு, அவர் சட்டத்தைச் சரியாகப் பொருள்கொண்டாரா, கருத வேண்டியவற்றைக் கருதினாரா, அறிவுடைய எவரும் எய்தமாட்டாத முடிவை எய்தினாரா என்பவற்றையே நோக்குவர். இவற்றுள் இறுதியில் கூறிய வரம்பு, 1947-ஆம் ஆண்டின் வெட்னெஸ்பரி வழக்கில் கிரீன் பிரபு உரைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதிற்குட்பட்ட சிறுவரைத் திரைப்பட அரங்கில் அனுமதிக்கலாகாது என நகராட்சியொன்று விதித்த கட்டுப்பாடு பற்றியது அவ்வழக்கு. திரையரங்குக் கட்டுப்பாட்டிற்கு வகுத்த வரம்பே உயிரச்சம் பற்றிய ஆணைக்கும் பொருந்துவதாயிற்று.

இவ்வேறுபாட்டின் பொருந்தாமையை நீதிபதிகளும் உணர்ந்திருந்தனர். 1987 பிப்ரவரியில், உகாண்டா நாட்டவர் ஒருவரின் மனுவை உள்ளிட்ட வழக்கில், உயிர்வாழும் உரிமையே மனித உரிமைகளுள் தலையாயது என்றும், அதற்கு இடர் விளைக்கக்கூடிய ஆணையை நீதிமன்றம் மிகுந்த கவலையோடு துருவி நோக்க வேண்டும் என்றும் பிரிட்ஜ் பிரபு கூறியிருந்தார். அந்நோக்கு மறு ஆய்வைக் கூர்மையாக்கிற்று. ஆனால் முடிவெடுப்பவரை மாற்றவில்லை. பத்துத் திங்கள் கழித்து வந்த அறுவர் வழக்கிலும், அமைச்சர் சரியான அளவுகோலைக் கையாண்டார், உரிய செய்திகளைக் கருதினார் என்று கண்டதோடு பிரபுக்களின் பணி முற்றுப்பெற்றது. அறுவரையும் தனித்தனியே கேட்டு, அவர்கள் கூற்றின் உண்மையை ஆராய்தல் அம்மன்றத்தின் கடமையாக இருக்கவில்லை.

காலமும் ஈண்டு கருதத்தக்கது. மறு ஆய்வு நோக்குவது ஆணை பிறந்த நாளில் அமைச்சர்முன் இருந்த செய்திகளை. ஆணை பிறந்தது ஆகஸ்டில். உடன்பாட்டினால் அமைதி வரும் என்ற நம்பிக்கை நிலவிய காலம் அது. அக்டோபர் 10-ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதற்கு இரண்டு நாள் பின்னர். வழக்கு மன்றம் மன்றமாக ஏறிக்கொண்டிருந்தபோது, அதற்குப் பொருளான நாட்டின் நிலை மாறிக்கொண்டே இருந்தது.

6. பின் நிகழ்ந்தவை

1988 பிப்ரவரியில் ஐவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். நாட்டை நீங்கியதனால், சட்டப்படி அவர்களுக்கு மேல்முறையீட்டு உரிமை பிறந்தது. அவர்கள் பொருட்டு வழக்குரைஞர்கள் இலண்டனில் முறையீட்டு நடுவரை நாடினர். 1989 மார்ச்சு 13-ஆம் நாள் நடுவர் தீர்ப்பளித்தார். ஐவரின் அச்சமும் தக்க நிலைக்களனுடையதே. புகல் மறுத்தது தவறு. அவர்களைப் பிரிட்டனுக்குத் திரும்ப வரச்செய்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பு. பிரபுக்கள் அவை வகுத்த புறச்சான்று அளவுகோலையே கொண்டு நடுவர் இம்முடிவிற்கு வந்தார் என்பதை மறத்தலாகாது. அளவுகோல் மாறவில்லை, அளந்தவரும் அளந்த முறையுமே மாறின. 1989 அக்டோபரில் அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பினர். முழுமையான அகதி உரிமை அன்றிச் சிறப்பு இசைவின்பேரில் தங்கும் அனுமதியே அவர்களுக்கு அளிக்கப்பட்டது.

இதனிடையே வழக்கு ஸ்ட்ராஸ்பூர் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அடைந்தது. 1991 அக்டோபர் 30-ஆம் நாள் அது இரு முடிவுகளைக் கூறியது. மனிதத்தன்மையற்ற நடத்துகையைத் தடுக்கும் மூன்றாம் உறுப்பு மீறப்படவில்லை என எட்டு நீதிபதிகள் கூற, ஒருவர் மறுத்தார். பயனுடைய தீர்வு வழி வேண்டும் என்னும் பதின்மூன்றாம் உறுப்பு மீறப்படவில்லை என எழுவர் கூற, இருவர் மறுத்தனர். ஐவருள் மூவர் இலங்கையில் கொடிய நடத்துகைக்கு ஆளாயினர் என்பதை அந்நீதிமன்றம் குறித்துள்ளது. ஆயினும் அனுப்பிய நாளில் அதனை முன்னறிய உதவும் சிறப்பு அடையாளம் எதுவும் அவர்களிடத்து இல்லை என்றும், அந்நாட்டுத் தமிழர் பிறரின் நிலையினும் அவர்கள் நிலை கொடியதாக இல்லை என்றும், தீங்கு நேரலாம் என்ற வெறும் இயல்வு போதாதென்றும் அது கருதியது.

இவ்விரு முடிவுகளையும் இணைத்து நோக்குக. நடுவரின் முடிவின்படி அச்சம் நிலைக்களனுடையது. ஸ்ட்ராஸ்பூர் நீதிமன்றத்தின் முடிவின்படி அனுப்பியது மீறல் அன்று. நடுவர் தம்முன் வைக்கப்பட்ட சான்றுகளைக் கொண்டு அச்சத்தின் உண்மையை ஆராய்ந்தார். ஸ்ட்ராஸ்பூர் மன்றம் அனுப்பிய அரசு அறிந்ததும் அறிந்திருக்க வேண்டியதும் யாவை என ஆராய்ந்தது. வினா வேறாகலின் விடையும் வேறாயிற்று. ஆனால் துன்புற்றோர்க்கு இவ்வேறுபாடு ஆறுதல் தருவதன்று.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதை இதனோடு ஒப்புநோக்கற்குரியது. பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் பிறப்பித்த ஆணை, மறுபக்கத்தைக் கேளாது பிறந்தது. பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டியபோது சான்று ஐயமற நிறுவப்பட்டது. அவையில் நிகழ்ந்த மறு ஆய்வு குறையற்றதே. ஆனால் அது கொலைக்குப் பின் நிகழ்ந்தது. ஆராய்ச்சி முன்னும் ஆணை பின்னுமாக அமைய வேண்டிய வரிசை அங்கு மாறிப்போயிற்று. அறுவர் வழக்கின் குறையும் இவ்வரிசை மாற்றத்தின் பாற்பட்டதேயாகும்.

7. தோற்ற வழக்கின் பயன்

அறுவர் வழக்கைத் தோல்வி என்ற அளவில் நிறுத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அத்தீர்ப்பில் வேறொரு கூறும் உண்டு. இடர் நேரும் என்பது எந்த அளவிற்கு நிறுவப்பட வேண்டும் என்ற வினாவிற்கு, உரிமை வழக்குகளில் உள்ளதுபோல் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு வேண்டுவதில்லை. நியாயமான அளவு நேரக்கூடியது எனத் தோன்றினால் போதும் எனப் பிரபுக்கள் விடை கூறினர். இதற்கு 1971-ஆம் ஆண்டில் டிப்லாக் பிரபு வேறொரு வழக்கில் கூறிய கருத்தைத் துணைக்கொண்டனர். அதே 1987-ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றமும் இதனையொத்த முடிவிற்கு வந்திருந்தது. அறுவர்க்கு உதவாத இவ்வளவுகோல் பின்னர் வந்த பல்லாயிரவர்க்கு உதவிற்று.

வரிசை மாற்றத்தைத் திருத்தியது 1993-ஆம் ஆண்டின் புகலிட, குடிவரவு மேல்முறையீட்டுச் சட்டம். அதன்படி புகல் மறுக்கப்பட்டோர் நாட்டில் இருந்துகொண்டே நடுவரிடம் முறையிடும் உரிமை பெற்றனர். ஆயின் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், அடிப்படையற்றவை என அரசு சான்றளிக்கும் வேண்டுகோள்களுக்கு அவ்வுரிமையை மீண்டும் நீக்கிற்று. அவ்வாறு கருதத்தக்க நாடுகளின் பட்டியலில் 2003-இல் இலங்கை சேர்க்கப்பட்டு, 2006-இல் நீக்கப்பட்டது. வரிசை ஒருமுறை திருந்தியதால் என்றும் திருந்தியதாகக் கொள்ளுதற்கில்லை என்பதை இது காட்டும்.

பின்னர் வந்த தீர்ப்புகள் சிலவும் இவ்வழக்கின் குறைகளை ஒவ்வொன்றாக நிரப்பின. 2000-ஆம் ஆண்டில், இலங்கைத் தமிழர் ஒருவர் கொழும்பில் தங்க இயலுமா என்ற வழக்கில், ஐயத்திற்குரிய செய்திகளைத் தனித்தனியே தள்ளிவிடாது, அனைத்தையும் ஒருங்கு வைத்து எடையிட வேண்டும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் விதித்தது. 2003 மார்ச்சு 20-ஆம் நாள் பிரபுக்கள் அவை, காவலில் கொடிய சித்திரவதைக்கு ஆளான தமிழர் ஒருவரின் வழக்கில், அத்தகைய கொடுமையைப் பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயரால் மட்டும் விளக்கிவிட இயலாது என்றும், இனமும் ஏற்றிக்கூறப்பட்ட அரசியற் கருத்தும் காரணமாதல் கூடும் என்றும் கண்டது. 1987-இல் அமைச்சர் கூறிய காரணத்தின் வலிமை இதனால் பெரிதும் குன்றிற்று.

ஸ்ட்ராஸ்பூர் மன்றமும் தன் நிலையினின்று பெயர்ந்தது. 2007 சனவரியில், சோமாலியாவின் சிறுபான்மைக் குழுவைச் சார்ந்த இளைஞர் நெதர்லாந்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஒரு குழு முழுவதும் இடருக்கு ஆளாகியிருக்கும்போது தனியடையாளம் மேலும் காட்டுமாறு வற்புறுத்தினால் காப்பு வெறுங்கானலாகிவிடும் என அது உரைத்தது. 2008 சூலை 17-ஆம் நாள், பெயர் மறைத்து எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட இலங்கைத் தமிழர் ஒருவர் வழக்கில், அவரைத் திருப்பி அனுப்புவது மீறலாகும் எனத் தீர்ப்பளித்தது. தமிழர் அனைவரும் இடருக்கு உள்ளானவர் என அது கூறவில்லை. முன்னர்க் காவலில் இருந்தமை, கைரேகையும் நிழற்படமும் எடுக்கப்பட்டமை, உடலில் உள்ள தழும்பு முதலியவை தனித்தனியே சிறியவாயினும், ஒருங்கு சேர்ந்தால் மெய்யான இடரைக் காட்டக்கூடும் என்பதே அதன் நெறி.

2022-ஆம் ஆண்டில் பிரிட்டன் இயற்றிய நாட்டுரிமை, எல்லைகள் சட்டம் இப்பழைய வினாவை மீண்டும் எழுப்பியுள்ளது. ஒருவர் மெய்யாகவே அஞ்சுகின்றாரா என்பதைப் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு என்னும் உயர்ந்த அளவினாலும், அதன் பின் இடரின் உண்மையை அறுவர் வழக்கின் தாழ்ந்த அளவினாலும் நோக்குமாறு அது விதிக்கின்றது. உள்ளத்து அச்சம் 1987-இல் அஞ்சுவோர்க்குத் துணையாகக் கொணரப்பட்டது. 2022-இல் அவர் கடக்க வேண்டிய முதல் தடையாக வைக்கப்பட்டது. அச்சம் என்ற ஒரு சொல் முப்பத்தைந்து ஆண்டுகளில் இவ்வாறு இடம் மாறி நின்றமை, சொற்பொருளாராய்வில் ஈடுபட்டோர் கருதத்தக்க செய்தியாகும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, அச்சம், நிலைக்களன் என்னும் இரண்டனுள் பிரபுக்கள் அவை நிலைக்களனையே அளக்கத்தக்கதாகக் கொண்டது. அதனைச் சொற்பொருள் நெறி ஒப்பும். ஆனால் நிலைக்களனை அளப்போர் தாமே சான்றை எடையிடக் கடமைப்பட்டிருந்தாலன்றி அந்நெறியின் பயன் முழுமையாகாது. இரண்டாவது, ஆணை முறைப்படி பிறந்ததா என்பதும், ஆணை உண்மையோடு பொருந்துவதா என்பதும் வெவ்வேறு வினாக்கள். அறுவர் நாட்டில் இருந்த காலத்து முதல் வினாவே ஆராயப்பட்டது. மூன்றாவது, ஒரே அளவுகோலைக் கொண்டு அமைச்சர் இல்லையென்றதனை நடுவர் உண்டென்றார். ஆகலின் குறை அளவுகோலில் மட்டும் இல்லை. ஆராய்ச்சிக்கு முன்னரே அனுப்பிவிடும் வரிசையில் பெரிதும் இருந்தது.

புகல் மறுக்கப்பட்டோரின் வழக்குகளை ஆராயும் மாணவர், தீர்ப்பின் சொற்களைக் காண்பதோடு அமையாது, அத்தீர்ப்பு எந்த நாளில், எவர்முன், எவ்வெவற்றைக் கொண்டு பிறந்தது என்பதையும் காணுதல் வேண்டும். பிரபுக்கள் அவை தீர்ப்பளித்து ஏறத்தாழ பதினைந்து திங்கள் கழித்து, ஐவரின் அச்சம் மெய்யானதே என்று நடுவர் எழுதினார். அவர்களுள் மூவர் அதற்குள் அவ்வச்சத்தின் பொருளைத் தம் உடலால் அறிந்திருந்தனர். அதே ஆராய்ச்சியை 1988 பிப்ரவரிக்கு முன் நிகழ்த்தச் சட்டத்தில் ஒரு விதி போதுமாயிருந்தது. அவ்விதி வந்தது 1993-இல்.